380 பெரிதா, 439 பெரிதா? அமெரிக்கப் பல்கலைக்கழகப் பாட எண்களைப் படிப்பது எப்படி

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகப் போகிறேன். பாடப் பட்டியல்களைப் பார்த்தால் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று இலக்கம், இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் நடுவே கோடு போட்ட எண். எண் பெரிதானால் பாடமும் கடினமா? எம்.எஸ். பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் கணக்கில் வரும்?

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், சிஎஸ்3451 என்றால் சிஎஸ் துறை, 3 அந்த ரெகுலேஷனின் அடையாளம், 4 நான்காவது செமஸ்டர் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். கோவையில் படித்தாலும் நெல்லையில் படித்தாலும் அதே எண், அதே சிலபஸ். அமெரிக்காவில் பாட எண் பெரும்பாலும் செமஸ்டரைச் சொல்வதில்லை. நிலையைத்தான் சொல்கிறது. அந்த நிலையை எப்படிக் குறிப்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இஷ்டம். மதுரை டவுன் பஸ் நம்பரை வைத்துக்கொண்டு சென்னையில் பஸ் ஏற முடியாது, இல்லையா?

பரவலாக உள்ள முறையை முதலில் சொல்கிறேன். 100 முதல் 400 வரையிலான வரிசைகள் இளநிலைக்கு, 500-க்கு மேல் முதுநிலைக்கு. நான்கு இலக்கம் என்றால் 1000 முதல் 4000 வரை இளநிலை, 5000 அல்லது 6000-க்கு மேல் முதுநிலை. பர்டியூவில் ஐந்து இலக்கம். அங்கே 50300 என்பது மற்ற இடங்களின் 503 போலத்தான். இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் இந்த முறைக்கு வெளியே இருப்பவற்றில். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் இலக்கம் கிரெடிட் எண்ணிக்கை. கடைசி இரண்டு இலக்கங்கள்தான் நிலை: 00 முதல் 19 வரை ஆரம்ப இளநிலை, 20 முதல் 79 வரை மேல் இளநிலை, 80 முதல் 99 வரை முதுநிலை. ஆகவே சிஎஸ் 439 நான்கு கிரெடிட் உள்ள இளநிலைப் பாடம். சிஎஸ் 380எல் மூன்று கிரெடிட் உள்ள முதுநிலைப் பாடம். எண் சிறியது, பாடம் மேல்நிலை. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

அதே மாநிலத்தில், நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகும் டல்லஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கதை வேறு. சிஎஸ் 6363 என்றால் முதல் 6 முதுநிலை, அடுத்த 3 கிரெடிட். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 5343, 5348 போன்ற எண்களும் முதுநிலை வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்.ஸில் அவை அடிப்படை போதாதவர்களுக்கான முன்தகுதிப் பாடங்கள். ஃபீஸ் கட்ட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பட்டத்துக்கான கிரெடிட்டில் மட்டும் சேராது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் பி.இ.யிலேயே படித்தவர் நீங்கள். சேர்க்கைக் கடிதத்தில் இப்படி ஏதாவது விதித்திருந்தால், பழைய சிலபஸை எடுத்துக்கொண்டு அட்வைசரிடம் விலக்கு கேளுங்கள். கூச்சப்பட்டுச் சும்மா இருந்தால் ஒரு பாடத்தின் ஃபீஸ் வீண்.

பெர்க்லியில் 1 முதல் 99 வரை கீழ் இளநிலை, 100 முதல் 199 வரை மேல் இளநிலை, 200-இலிருந்து முதுநிலை. மெஷின் லேர்னிங் பாடத்துக்கு அங்கே 189, 289ஏ என்று இரண்டு எண்கள். வகுப்பு ஒன்றுதான், முதுநிலை மாணவர்கள் 289ஏ-வில் பதிய வேண்டும், அவர்களுக்கு வேலையும் கொஞ்சம் கூடுதல். இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினில் 400-வரிசையில் இளநிலையினரும் முதுநிலையினரும் சேர்ந்து உட்காருவார்கள். அந்தக் கிரெடிட் எம்.எஸ்.ஸிலும் சேரும். ஆனால் 500-வரிசையில் குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும் என்று தனி நிபந்தனை வைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு வெறும் 400-ஆக அடுக்கினால் கடைசி செமஸ்டரில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

கோடு போட்ட எண் கார்னகி மெலன் வகை. 15-213-இல் 15 என்பது கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை, 18 என்றால் எலக்ட்ரிகல். கிரெடிட்டுக்குப் பதிலாக யூனிட் கணக்கு. 12 யூனிட் பாடம் என்றால் வாரத்துக்குச் சுமார் 12 மணி நேர வேலை. எனக்குப் பிடித்த முறை இது. ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம் தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சரி, எதை எடுப்பது? எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டின் கேட்டலாகை, அதாவது பல்கலைக்கழகத்தின் பாட, விதிமுறைத் தொகுப்பைத் திறந்து, உங்கள் துறையின் எம்.எஸ். நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். எந்த வரிசை கணக்கில் வரும் என்று அங்கே எழுதியிருக்கும். பிறகு ஒவ்வொரு பாடக் குறிப்பிலும் முன்தகுதி வரியைப் பாருங்கள். கடினமா இல்லையா என்பதை எண்ணைவிட அந்த வரிதான் ஒழுங்காகச் சொல்லும். ஸ்பெஷல் டாபிக்ஸ் எண்களிலும் ஜாக்கிரதை. இல்லினாயில் சிஎஸ் 598 என்ற ஒரே எண்ணின் கீழ் ஒரே செமஸ்டரில் பல தலைப்புகள் தனித்தனி வகுப்புப் பிரிவுகளாக (செக்‌ஷன்) ஓடும். செக்‌ஷன் தலைப்பைப் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

செக்‌ஷனில் இன்னொன்றும் இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது மூன்று கிரெடிட், வரைதான் சேரும். ஒரே பாட எண்ணுக்கு நேரடி செக்‌ஷனும் ஆன்லைன் செக்‌ஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பதியும்போது கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், சீனியர்கள் அனுப்பும் பழைய பட்டியல்களில் உள்ள எண்கள் இன்று இல்லாமல் போயிருக்கலாம். எம்.ஐ.டி. 2022-இல் தன் ஆறாம் துறையின் (எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் சயின்ஸ்) எண்களை அடியோடு மாற்றியது, ஊரறிந்த அல்காரிதம்ஸ் பாடமான 6.006 இப்போது 6.1210. பழைய எண் கிடைக்காவிட்டால் பாடத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.