வேலையை விளையாட்டாக்கும் ஆப்கள் ஏன் சீக்கிரமே சலித்துவிடுகின்றன? அன்றாட வேலையைச் சுவாரசியமாக்க வேறு வழி உண்டா?

உண்டு. ஆனால் பாயிண்ட், பேட்ஜிலிருந்து தொடங்கக் கூடாது. சதுரங்கத்தில் பேட்ஜே கிடையாது, மணிக்கணக்கில் ஆடுகிறோம். எட்டும் தூரத்தில் ஓர் இலக்கு, வழியில் வேண்டுமென்றே வைத்த ஒரு தடை, செய்த உடனே கண்ணுக்குத் தெரியும் விளைவு: ஆட்டத்தில் நம்மைப் பிடித்து வைப்பவை இவைதான். விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டத்தில் வரிசை நிரம்பிய கணமே மறைந்துவிடும். அலுவலகத்தில் இன்று செய்தது சரியா என்று மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

வெகுமதி சில சமயம் கெடுதலே செய்யும். 1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் “வரைந்தால் சான்றிதழ்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு வரையச் சொல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அதனால் பிடித்த வேலைக்குப் பரிசு வைக்காதீர்கள்.

சலிப்பூட்டும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 ரசீதுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். பத்துப் பத்தாகக் கிளிப் போட்டு 12 கட்டாக்குங்கள். இடப்பக்கம் முடியாதவை, வலப்பக்கம் முடிந்தவை. ஒரு கட்டு ஓர் ஆட்டம். முதல் 3 கட்டுகளுக்கு இலக்கு வேண்டாம், நேரத்தை மட்டும் குறியுங்கள். மூன்றில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் விட்டு, நடுவில் வரும் நேரத்தை எடுங்கள். சராசரி எடுத்தால், நடுவில் போன் வந்த ஒரு கட்டு கணக்கையே கெடுத்துவிடும். அந்த நேரம் 8 நிமிடம் என்றால் இலக்கு 7 நிமிடம் 40 நொடி. ஐந்து கட்டில் மூன்று ஜெயித்தால் இலக்கு சரியாக இருக்கிறது. ஐந்தும் ஜெயித்தால் 10 நொடி குறையுங்கள், ஒன்றுதான் என்றால் 20 நொடி கூட்டுங்கள்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்: எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். வேகத்தை மட்டும் எண்ணினால் தொகையில் ஒரு சைபர் விடுபடும். கட்டு முடிந்ததும், கடிகாரத்தை நிறுத்தாமலே, பத்து ரசீதின் தொகையையும் கால்குலேட்டரில் கூட்டித் திரையில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டு தோல்வி, நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஒரு ரசீதில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540ஐ 450 என்று அடித்தால் வித்தியாசம் 90. தவறைத் தேடுவதே ஒரு புதிராகிவிடும். இந்த வேலையில் ருசியான பகுதி இதுதான் என்பேன்.

பாத்திரம் துலக்குவதற்கு ஸ்டாப்வாட்ச் ஆகாது, அவசரத்தில் கண்ணாடி உடையும். அங்கே நேரத்துக்குப் பதில் விதி வையுங்கள். குழாயை இரண்டே முறை திறக்கலாம்: நனைக்க ஒரு தடவை, அலச ஒரு தடவை. அவ்வளவுதான், எதை முதலில் தேய்ப்பது, எதை எதற்குள் அடுக்குவது என்று மூளை வேலை செய்யத் தொடங்கிவிடும். கோல்ஃப் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் போட்டுவிடலாம். போடக் கூடாது என்ற விதிதான் அதை ஆட்டமாக்குகிறது. ஒரே விதி இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள்.

‘தொடர்ந்து 30 நாள்’ என்ற சங்கிலி வேண்டாம். 19ஆம் நாள் காய்ச்சல் வந்தால் சங்கிலி அறும், அதோடு வேலையும் நின்றுபோகும். ‘வாரத்தில் 5 நாள்’ என்று வைத்தால் இரண்டு நாள் கைவசம் இருக்கும்.

யோசித்துச் செய்யவேண்டிய வேலைக்கு, எழுதுவது, வடிவமைப்பது, நோயாளியைக் கவனிப்பது போன்றவற்றுக்கு, இந்தக் கடிகார முறையைக் கொண்டுபோகாதீர்கள். குழுவில் தரவரிசைப் பலகையும் மாட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று பேர் மட்டும் போட்டி போடுவார்கள், கடைசியில் இருப்பவர் முயற்சியையே விட்டுவிடுவார். ஒவ்வொருவரும் தன் போன வார நேரத்தோடு மட்டும் மோதட்டும். அந்த நேரங்களைக் குறித்த தாளை மேலதிகாரி கேட்கக் கூடாது. கேட்ட அன்றே அது கண்காணிப்பாகிவிடும், எண்களும் பொய்யாகத் தொடங்கும்.