மாமாவின் கடிதமும் அறுபதாயிரம் டொலர் கடனும்

கேள்வி: ஸ்காபரோவில் ஐந்து வருடமாகப் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். வருபவர்களில் பெரும்பாலானோர் கார் விபத்தில் அடிபட்டவர்கள். கணவரின் மாமா ஒரு லோயர் ஒஃபிஸில் வேலை செய்கிறார், ஆட்களை அனுப்புவது அவர்தான். இன்சூரன்ஸ் ஒப்புதல் தராவிட்டாலும் "சிகிச்சையை நிறுத்த வேண்டாம், செட்டில்மென்டில் எடுத்துத் தருவோம்" என்று கடிதம் தருவார். அவருடைய மகனின் கார் லீஸ், மாதம் 480 டொலர், கிளினிக் கணக்கில்தான் போகிறது. ஒப்புதல் கிடைத்த பில்களில் 24,000 டொலர் வர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் 19 பேருக்கு ஒன்றரை வருடமாகச் செய்த சிகிச்சையில் 78,000 நிற்கிறது. சம்பளம் கொடுக்க வீட்டின் மேல் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட் 60,000 ஆகிவிட்டது, வட்டி 7.5 வீதம். இப்போது ஒரு நிறுவனம் பில்களைக் காட்டினால் உடனே 40,000 தருகிறோம் என்கிறது. தினமும் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து எட்டு மாதத்தில் 49,600 திருப்பிக்கொள்வார்களாம். எடுக்கலாமா? நித்திரையே இல்லை.

பதில்: எடுக்க வேண்டாம் தங்கச்சி. 40,000-க்கு மேலதிகமாக 9,600 என்றால் 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளே திருப்பத் தொடங்குகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் நிற்பது அரைவாசி, 20,000தான். அதற்கு எட்டு மாதத்தில் 9,600 என்றால், வருடக் கணக்கில் சுமார் 70 வீத வட்டி. வேலை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 290 டொலர் போகும். பிசியோவுக்கு ஒன்ராறியோவில் கார் இன்சூரன்ஸ் தரும் கட்டணம் மணிக்கு 99.75 டொலர் என்று வைத்துக்கொண்டால், தினமும் முதல் மூன்று மணி நேரம் அவர்களுக்காகவே உங்கள் கை நோகும். இப்படியான ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கடன் என்ற சொல்லே இருக்காது, "எதிர்கால வருமானத்தை வாங்குகிறோம்" என்றுதான் எழுதியிருக்கும். இந்தப் புதுமாதிரிக் காசைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். யாருக்கும் நான் சரி என்று சொன்னதில்லை.

ஓசிஎஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டப் படிவம், அதையும் பில்லையும் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் எச்.சி.ஏ.ஐ. இணைய முறை எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். 24,000 உங்கள் பிரச்சினையே இல்லை. பில் கிடைத்து 30 நாளில் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், பிந்தினால் மாதம் 1 வீத வட்டி. பிந்தி நிற்பவற்றில், நோயாளியின் வேலையிடத்து இன்சூரன்ஸ் என்ன கட்டியது என்ற தாளை இணைக்காமல் விட்டவை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வருத்தம் மற்றப் பக்கத்தில்தான். 78,000 என்பது கிட்டத்தட்ட 780 தடவை சிகிச்சை. ஒவ்வொரு தடவையும் உதவியாளருக்கும் மசாஜ் செய்பவருக்கும் கையிலிருந்து 55 டொலர் கொடுத்திருப்பீர்கள் என்று வைப்போம். 43,000 வருகிறது. உங்கள் 60,000 கடனில் ஏறக்குறைய முக்கால்வாசி! இன்சூரன்ஸ் பிந்துவதால் நீங்கள் கடனாளி ஆகவில்லை. ஒப்புதல் வராத ஆட்களைக் கட்டிலில் படுக்க வைத்ததால் ஆனீர்கள்.

மாமாவின் கடிதத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். இப்படியான கடிதம் சொல்வது இவ்வளவுதான்: செட்டில்மென்ட் வந்தால், அதில் மிச்சம் இருந்தால், தருவோம். விபத்து நடந்து ஒரு வருடம் ஆகுமுன் விபத்து நன்மைகளுக்கு, அதாவது சிகிச்சைக்கென்று கார் இன்சூரன்ஸ் தரும் காசுக்கு, செட்டில்மென்டே செய்ய முடியாது. சிறுகாயம் என்று வகைப்படுத்தியவருக்கு மொத்த வரம்பே 3,500 டொலர், அதற்குள்தான் பரிசோதனைச் செலவும் வரும். சிகிச்சைத் திட்டத்தை அனுப்பும் முன் செய்த சிகிச்சைக்கு, சில விலக்குகளைத் தவிர, இன்சூரன்ஸ் பொறுப்பே இல்லை. இன்சூரன்ஸ் மறுத்ததை எதிர்த்து, இந்தத் தகராறுகளை விசாரிக்கும் லைசென்ஸ் அப்பீல் ட்ரிபியூனலுக்குப் போக நோயாளிக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. உங்கள் கிளினிக் தானாகப் போக முடியாது. மாமா போகாவிட்டால் அந்தப் பில் செத்துவிடும்.

அந்தக் கார் லீஸை இந்த மாதமே நிறுத்துங்கள். ஆள் அனுப்புவதற்குக் கைமாறு என்றுதான் அதைப் பார்ப்பார்கள், அது தடை செய்யப்பட்டது. 2014 டிசம்பரிலிருந்து லைசென்ஸ் உள்ள கிளினிக்குக்குத்தான் இன்சூரன்ஸ் நேரடியாகக் காசு தருகிறது. 480 டொலருக்காக அந்த லைசென்ஸைப் பணயம் வைக்காதீர்கள். இதுவரை கட்டியதைப் பற்றி, மாமாவோடு சம்பந்தமில்லாத ஒரு லோயரிடம் கேளுங்கள்.

கழுத்து நோவோடு வாசலில் நிற்கும் ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பு என்று நான் சொல்லவில்லை. சிறுகாய வழிமுறையில் வருபவர்களுக்கு வழக்கமான முன் ஒப்புதல் தேவையில்லை, 3,500 முடியும்வரை செய்யுங்கள், மிச்சம் எவ்வளவு என்று இன்சூரன்ஸில் கோப்பைக் கவனிக்கும் அட்ஜஸ்டரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு. மற்றவர்களுக்குத் திட்டத்தை அனுப்பிப் பத்து வேலை நாளை எண்ணுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால், பதினொராம் நாளிலிருந்து அவர்கள் பதில் தரும்வரை செய்யும் சிகிச்சைக்கு அவர்களே கட்ட வேண்டும். மறுத்துவிட்டால், வசதி உள்ளவர் மேசையிலேயே கார்டில் கட்டட்டும். 65 வயதைத் தாண்டியவரை ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, காசு தரும் பிசியோ கிளினிக்குக்கு அனுப்பலாம்.

இப்படி ஒப்புதல் இல்லாத சிகிச்சையை நிறுத்தி, உதவியாளர்களின் மணித்தியாலங்களையும் அதற்கேற்பக் குறைத்தால், ஒன்றரை வருடத்தில் போன அந்த 43,000 கணக்கில் மாதம் சுமார் 2,400 மிஞ்சும், லீஸோடு 2,900. வட்டி 375 போக 2,500. கடன் இரண்டு வருடத்துக்குள் அடைந்துவிடும். அந்த 24,000 வந்ததும் பாதியையாவது இதிலேயே போட்டால் இன்னும் சுருங்கும்.

அப்புறம் மாமா. அவரிடம் நீங்கள் தனியே போக வேண்டாம், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 19 பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் கேளுங்கள்: மறுத்த திகதி என்ன, ட்ரிபியூனல் கோப்பு எண் என்ன. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. எண் இல்லாமல், இரண்டு வருடமும் கடந்துவிட்ட பெயர்களையும், 3,500 தாண்டிய சிறுகாயக்காரரையும் கணக்காளரிடம் கொடுங்கள். அந்தக் காசை வருமானமாகக் காட்டி ஏற்கெனவே வரி கட்டியிருந்தால், வராக்கடனாகக் கழிக்க வழி இருக்கிறது.