செயின் சா இழுக்கவில்லையா? திருகை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: 2018 கஜா புயலில் தோப்பில் தென்னை சாய்ந்தபோது ஆளும் மெஷினும் வாடகைக்குப் பிடித்து அறுத்தேன். அந்தச் செலவு மறக்காததால் போன வருடம் ஆன்லைனில் 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் ஓடும் நீளத் தகடு) கொண்ட செயின் சா வாங்கினேன். முதல் ஒரு மாதம் வாழைத்தண்டு நறுக்குவதுபோல அறுத்தது. இப்போது அமுக்கிப் பிடித்தால்தான் இறங்குகிறது. வெட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து கார்புரேட்டரில் ‘எச்’ திருகை உள்ளே முடுக்கினேன். சத்தம் ஏறியது, வெட்டு ஏறவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– பேராவூரணி வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். முதல் வேலையாக, முடுக்கிய அந்தத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதுவரை மெஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

‘எச்’ திருகை உள்ளே முடுக்கினால் முழு வேகத்தில் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலும் அந்தப் பெட்ரோலில்தான் கலந்து வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், ஆயிலும் குறையும். உங்களுக்கு நன்றாக ஏறியதாகத் தோன்றிய அந்தக் கீச்சுச் சத்தம் இன்ஜின் பட்டினியில் போடுகிற கூச்சல். நானும் ஒரு மெஷினை இப்படித்தான் கெடுத்தேன். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் ஸ்டார்ட்டர் கயிறு அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது.

சரி, வெட்டு ஏன் ஏறவில்லை? மெஷினுக்கு அடியில் விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். செதில் செதிலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவுபோல் விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. உங்களுக்கு விழுவது மாவாகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். தென்னையின் வெளிப்புறம் கெட்டி நார், அதில் சிலிக்காவும் உண்டு. பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது ஒரு தடவை மண்ணைத் தொட்டாலும் போதும், கதை முடிந்தது. வெட்டு கோணிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டையாகவோ மழுங்கியோ இருப்பதுதான். பாரின் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயாவிட்டாலும் கோணும்.

ஆக, வாங்க வேண்டியது கார்புரேட்டர் இல்லை, ஓர் உருட்டு அரம். அளவு முக்கியம். உங்கள் மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் 0.325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, இன்ச்சில்) செயின்தான் வரும், அதற்கு 4.8 மி.மீ. அரம். சின்ன மெஷின்களில் வரும் ‘3/8 லோ புரொஃபைல்’ செயினுக்கு 4 மி.மீ. பிட்ச் எவ்வளவு என்று பாரிலோ செயினிலோ பொறித்திருக்கும்.

மெஷினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, பாரை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் பல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு. பல்லின் மேல்தகட்டில் கோணத்துக்கு ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் 30 டிகிரி. அதற்கு இணையாக, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம்; திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை: மூன்றென்றால் மூன்று. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். பற்களின் நீளம் ஏற்கெனவே மாறியிருந்தால், இருப்பதிலேயே குட்டையான பல் எதுவோ, மற்றவை அதன் நீளத்துக்கு வர வேண்டும். விளிம்பில் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னினால் அந்தப் பல் இன்னும் மழுக்கம்தான்.

பல்லுக்கு முன்னால் சுறாத்துடுப்புபோல் ஒரு மேடு இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல் தேயத் தேய இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கடிக்காது. மேடு பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அளவுத்தகடு வைத்துத் தட்டை அரத்தால் ராவுங்கள், கண்மதிப்பில் வேண்டாம். அதிகம் தாழ்ந்தால் மெஷின் உதறும், முகத்தை நோக்கி எகிறவும் செய்யும்.

இதற்குப் பிறகு ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பாரின் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பாரையே தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. சைலன்சரின் வாயில் வலை இருந்தால் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தடுமாறினால்தான் திருகு. கைவைக்கும் முன் ஒவ்வொரு திருகும் இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். கையேட்டில் உள்ள அளவு கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம்; பல மெஷின்களில் அது முழுக்க மூடி ஒரு சுற்று திறப்பதை ஒட்டி இருக்கும். மூடும்போது மெதுவாக, இறுக்கினால் உள்ளே ஊசி கெட்டுவிடும். இன்ஜின் சூடான பிறகு முதலில் ‘எல்’ (குறைந்த வேகத்துக்கான திருகு): வேகம் அதிகமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்குள் வெளியே. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் திணறாமல் ஏற வேண்டும். அடுத்து ஐட்லிங் திருகு: இன்ஜின் ஓட வேண்டும், செயின் சுற்றக் கூடாது. கடைசியில் ‘எச்’: சும்மா முழு வேகம் கொடுத்தால் லேசாகப் பொடபொடவென்று தடுமாற வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தத் தடுமாற்றம் தெளிய வேண்டும். கீச்சென்று ஒரே சீராகக் கத்தினால் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

இன்னொன்று. மாடல் எண்ணில் 58 இருப்பதால் மட்டும் இன்ஜின் 58 சிசி ஆகிவிடாது, விவரக்குறிப்பைப் பாருங்கள். அந்த இன்ஜினுக்கு 22 இன்ச் பார் கொஞ்சம் பேராசை. 18 இன்ச் பாரும் அதற்கான செயினும் போட்டால் அதே மெஷின் வேறு மெஷின்போல இழுக்கும். தீட்ட வேண்டிய பல்லும் குறைவு.

கேள்வி: சீமைக்கருவேலம் வெட்டும் தொழில். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் எவ்வளவு? இன்ஜின் நன்றாக உழைக்கட்டும் என்று கூடுதலாகவே ஊற்றுகிறேன். பாருக்கு வண்டியின் பழைய ஆயில் போடலாமா?
– சிவகங்கை வாசகர்

பதில்: கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்தானா என்று பாருங்கள். படகு இன்ஜினுக்கு விற்பது வேறு. கூட்டி ஊற்றுவதில் லாபம் இல்லை. ஆயில் ஏறிய அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைகிறது, கரியும் படிகிறது.

ஆயிலைவிடப் பெட்ரோல்தான் இப்போது கவலை. பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். பல மெஷின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் சொல்லியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் ஜவ்வையும் கெடுக்கும். அதனால் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மழைக்காலத்தில் மெஷினை மூலையில் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

பழைய ஆயில் வேண்டாம். அதில் இரும்புப் பொடி இருக்கும். ஆயில் பம்பையும் பாரையும் அறுக்கும், உங்கள் தோலுக்கும் கேடு. செயினுக்கென்று விற்கும், சிதறாமல் ஒட்டிக்கொள்ளும் ஆயில்தான் சரி.

கேள்வி: செயின் சா வாங்கி இரண்டு மாதத்தில் ஆயில் பம்ப் வேலை செய்யவில்லை. ‘கார்புரேட்டர் திருகை நீங்கள் தொட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது’ என்கிறார் விற்றவர். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாதாமே?
– கம்பம் வாசகர்

பதில்: திருகுக்கும் ஆயில் பம்புக்கும் சம்பந்தம் இல்லை. பிஸ்டன் ஒட்டியிருந்தால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். என்ன காரணத்தால் மறுக்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்ஆப் போதும். ஆனால் பம்ப்தான் பழுது என்று சண்டைக்குப் போகும் முன், பாரில் ஆயில் வரும் துளை தூளால் அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கி, தானே பயன்படுத்துபவரை விலக்கவில்லை. நீங்களே மரம் அறுப்பவர் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழுது தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பில், வாரண்டி அட்டை, ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் மேல் அச்சிட்ட இறக்குமதியாளர் முகவரி எல்லாம் வேண்டும். பெட்டியை அடுப்பெரிக்கப் போட்டுவிடாதீர்கள்.