ஏற்காடு ஏறிப் பழகினால் மணாலி – லே சாலையைச் சைக்கிளில் கடந்துவிட முடியுமா?

சேலத்தில் குடியிருக்கிறேன், ஏற்காட்டை மூன்று முறை சைக்கிளில் ஏறியிருக்கிறேன், அடுத்த வருடம் இமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போக ஆசை, இந்தப் பழக்கம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலுக்குப் போதும். மூச்சுக்குப் போதாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாற்பது வயதில் சர்க்கரை வந்துவிடுமோ என்ற பயத்தில் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு விடியற்காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து மேலே. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500. அடிவாரத்திலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். முதல் தடவை மூன்று இடத்தில் இறங்கி உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு வருடத்தில் அதை ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கணக்கில்தான் தலைக்கனம் ஏறியது.

இன்னொரு கணக்கும் இருந்தது. நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மணாலி – லே சாலையில் சார்ச்சூ என்ற கூடார முகாம் தாண்டியதும் காட்டா லூப்ஸ் என்று ஓர் ஏற்றம் வரும், அதில் 21. ‘ஒரு வளைவுதானே கூட’ என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கூட வந்தவன் சித்தி மகன். என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னைவிட மெதுவாக ஏறுகிறவன். ஏற்காட்டில் எப்போதும் எனக்குப் பின்னால் இருபது நிமிடம் கழித்து, செல்போனில் பாட்டு கேட்டுக்கொண்டு வருவான்.

காட்டா லூப்ஸ் தொடங்கும் இடமே ஏறக்குறைய 4,200 மீட்டர். முடியும்போது 4,600 தாண்டிவிடும். சரிவு ஒன்றும் பயங்கரமில்லை, நம் அடிவாரத்துச் சரிவு மாதிரிதான். நான் ஏற்காட்டில் ஏறுகிற அதே வேகத்தில் மிதித்தேன். ஏழாவது வளைவு வரை எல்லாம் சரி. ஒன்பதாவதில் பார்வை ஓரங்களில் மங்கியது. சைக்கிளைச் சாலையோரம் சாய்க்கக்கூட முடியாமல் அப்படியே போட்டுவிட்டுக் காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்தவன் நிற்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. என்னைக் கடக்கும்போது, “ண்ணா, பேசிட்டே ஏற முடியுதான்னு பாருங்க. முடியலன்னா அது நம்ம வேகம் இல்ல” என்றான். மேலே போய் உட்கார்ந்து எனக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தான்.

காரணம் எளிது. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 சதவீதம். உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. 5,000 மீட்டரில் அது ஏறக்குறைய 53 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்ஸிஜன்தான் என்றால், பழைய வேகம் பழைய வேகம் இல்லை. இதை ஏற்காட்டில் எத்தனை முறை ஏறினாலும் பழக முடியாது. உயரத்துக்கு உடம்பு பழக அங்கேதான் நாள் கொடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. அந்தச் சாலையில் கூடாரம் போடுகிற இடங்கள் இந்த விதிக்கு ஒத்துவருவதில்லை, அதுதான் சிக்கல். கேலாங் ஏறக்குறைய 3,100, ஜிஸ்பா அதைவிடக் கொஞ்சம் மேலே. அதற்கப்புறம் ஜிங்ஜிங்பார், சார்ச்சூ என்றால் ஒரே தாவலில் 4,200க்கு மேல். ஜிஸ்பாவில் இரண்டு இரவு, டார்ச்சா பக்கம் ஓர் இரவு என்று இழுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் ஒரு நாள் மிச்சம் பிடித்தோம். அந்த ஒரு நாளைத்தான் ஒன்பதாவது வளைவில் வாந்தியாக எடுத்தேன். தலைவலி கூடிக்கொண்டே போனால், நடை தள்ளாடினால், யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் உபாதைக்கான மாத்திரை விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், இணையத்தில் கேட்காதீர்கள், என்னிடமும்தான்.

அப்படியானால் ஏற்காட்டில் எதைப் பழகுவது? கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஏறப் பழகுங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முழு வாக்கியம் பேசிக்கொண்டே இருபதாவது வளைவு வரை போக முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் உடைகிற இடத்தில் கியரைக் குறையுங்கள். முடிந்தால் ஒரே நாளில் இரண்டு முறை ஏறுங்கள். இரண்டாவது ஏற்றம் பத்து மணி வெயிலில் இருக்கட்டும். மேலே போனதும் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டையும் ஒரு சுற்று சுற்றுங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காபித் தோட்டங்களுக்குள்ளேயே போகிற சாலை. கோடையின் முதல் மழைக்கு அப்புறம் போனால் காபி பூத்திருக்கும், மல்லிகை மாதிரியே வாசம். அதற்காகவாவது போங்கள்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரமும் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரமும் சம எண்ணிக்கைப் பற்களோடு, அதாவது 34க்கு 34 என்று இருந்தால் ஏற்காட்டுக்குத் தாராளம். சுமையோடு லடாக் போகப் பின்சக்கரத்தில் இன்னும் பெரியது வேண்டும். கடைக்காரர் ‘இதுவே போதும் சார்’ என்பார். அவர் சைக்கிள் விற்கிறவர், ஏறப்போவது நீங்கள்.

இறக்கத்தைப் பழகவும் நம் மலையைவிட நல்ல இடம் இல்லை. நான் ஒருமுறை ஏற்காடு பஸ்ஸின் பின்னாலேயே, முந்தவும் தைரியம் இல்லாமல், நிற்கவும் மனமில்லாமல், பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினேன். எனது சைக்கிளில் ரிம்மைக் கவ்வுகிற பழைய வகை பிரேக். ஐந்தாவது வளைவுக்கு மேலே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் ட்யூப் போய்விட்டது. நல்லவேளை வேகம் இல்லை. என்ன ஆயிற்று என்று ரிம்மைத் தொட்டேன், விரல் நுனி தோசைக்கல்லில் பட்டது மாதிரி சுட்டது. கொப்புளம் ஆற ஒரு வாரம். நேர்ச் சாலையில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விட வேண்டும். அன்று அங்கே உட்கார்ந்து ட்யூப் மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு வந்து பையிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனது தனிக்கதை.

உயரத்தில் டயர் வெடிக்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். சிப்ஸ் பாக்கெட் உப்பித் தலையணை மாதிரி ஆவது உண்மை. டயரில் மணாலியில் அடித்த காற்று அந்தச் சாலையின் மிக உயரமான கணவாயான டங்லங் லா உச்சியில் நான்கு பிஎஸ்ஐ அளவுக்குத்தான் கூடும். குளிர் அதையும் சாப்பிட்டுவிடும்.

வறட்சியைப் பற்றிச் சேலத்துக்காரருக்குச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் வெட்டிய வெள்ளை மண் மேடுகளில் ஏப்ரல் வெயில் எப்படித் திருப்பி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். லடாக்கின் வறட்சி வேறு ஜாதி. அங்கே ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை, குளிர்ப் பாலைவனம். சேலத்தில் வியர்வை கண்ணில் விழுந்து எரியும், தாகம் தானாகத் தெரியும். அங்கே வியர்வை வெளியே வந்த உடனே காய்ந்துவிடும், சட்டையில் உப்புக்கோடு மட்டும் இருக்கும். தாகமே எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நாளில்தான் சிறுநீர் தேன் நிறத்தில் போனது. மணி அடித்துக் குடியுங்கள். உதடு, காது, மூக்கு நுனி மூன்றையும் மூடுங்கள், வெயில் குளிராகத்தான் இருக்கும், தோல் மட்டும் உரியும். பாங் என்ற இடம் தாண்டி மோரே சமவெளி என்று நாற்பது கிலோமீட்டர் சமதளம் வரும், ஒரு மரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடித்தால் சமதளத்திலேயே ஏற்றம்தான். பனி உருகி வரும் ஓடைகளும் அப்படியே. காலையில் கணுக்கால் அளவு, மாலையில் முழங்கால். அதனால் ஐந்து மணிக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் கூடாரம் சேர்வதுதான் அங்கே கணக்கு. ஞாயிறு விடியற்காலையில் ஏற்காடு ஏறிப் பழகியவருக்கு இது ஒன்று மட்டும் சுலபமாக வரும்.

காட்டா லூப்ஸில் ஒரு வளைவில் சின்னக் கோயில் மாதிரி ஒன்று இருக்கிறது. லாரி பழுதாகி, தனியாக விடப்பட்டு, குளிரிலும் தாகத்திலும் செத்துப்போன கிளீனர் பையனின் ஆவி அங்கே தண்ணீர் கேட்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரிய குவியலே கிடக்கிறது. நம்மூரில் முனியப்பனுக்குச் சுருட்டு வைக்கிறோம் இல்லையா, அதே போலத்தான். என் தம்பி ஒரு பாட்டில் வைத்தான். நான் என்னிடம் மிச்சமிருந்த அரை பாட்டிலைப் பார்த்தேன், உச்சியைப் பார்த்தேன், வாய் கொப்பளித்த மீதி கொஞ்சத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக, ரயிலில் சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்புவதாக இருந்தால் பின்னால் இருக்கும், கியர் மாற்றுகிற டிரெய்லியரைக் கழற்றிச் சுற்றிக் கட்டுங்கள். நான் சோம்பல்பட்டு அப்படியே வைத்தேன், அது மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஆனால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். மணாலியில் ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்தேன், கிடைக்கவில்லை. ஒரு வெல்டிங் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தியதை வைத்துத்தான் லே வரை ஓட்டினேன். அப்படிப் போன நாளை ஈடுகட்டத்தான் மேலே ஒரு நாளை மிச்சம் பிடித்தோம். உங்கள் சைக்கிளுக்கு உரிய ஹேங்கர் ஒன்றை இப்போதே வாங்கிச் சீட்டுக்கு அடியில் இருக்கிற பையில் போட்டு வையுங்கள்.