19 ஆண்டுப் பணியை மறந்துவிட்டார்களே!

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 58. சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். எங்கள் பங்கு ஆலயத்தில் ஞாயிறு தமிழ்த் திருப்பலி வழிபாட்டுக்குப் பின் வழங்கும் பசியாறலை 19 ஆண்டுகளாக நானே முன்னின்று கவனித்து வந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே போய்ச் சட்டினி அரைப்பேன்; எல்லாரும் கிளம்பிய பிறகு அடிப்பிடித்த பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

சென்ற மாதம் புதிய குழு வந்தது. பங்குத் திருவிழா மேடையில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "அக்கா, நீங்கள் ஓய்வெடுங்கள், இனி உணவை வெளியே சொல்லிவிடுகிறோம்" என்றாள் நேற்று வந்த பெண். ஓய்வு வேண்டும் என்று நான் கேட்டேனா? வீட்டிலும் மனம் ஒட்டவில்லை. மறதிநோயால் படுத்திருக்கும் அத்தையைப் பணிப்பெண்தான் பார்த்துக்கொள்கிறார். நான் கஞ்சி ஊட்டப் போனால் அத்தை வாயை இறுக்கிக்கொள்கிறார், அவர் ஊட்டினால் சாப்பிடுகிறார், அது கிடக்கட்டும். இயேசுவே சீடர்களின் பாதங்களைக் கழுவினாரே. அவர் வழியில் பணி செய்தவளை இப்படி ஒதுக்கலாமா? பொன்னாடைக்காக நான் செய்யவில்லை. ஆனாலும் 19 ஆண்டுகள்! இப்போது திருப்பலிக்குப் போனாலும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போக மனம் வருவதில்லை.

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

மேடையில் உங்கள் பெயரைச் சொல்லாதது தவறுதான். குழுவினரிடம் அதை நேராகவே சொல்லுங்கள். அதற்குமேல் அதில் நான் சொல்ல ஏதுமில்லை. "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் ஒதுக்கிய வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. பொன்னாடையை இரண்டு முறை எழுதிய நீங்கள், அத்தையின் மூடிய வாயை ஒரே மூச்சில் கடந்துவிட்டீர்கள்.

மறதிநோய் உள்ளவர் உணவை மறுப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுங்கச் சிரமம் இருந்தாலும் மறுப்பார்கள் என்பதால் மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள். ஆனால் உங்கள் அத்தை ஒருவரிடம் சாப்பிடுகிறார். பழகிய குரலுக்கும் பழகிய கைக்கும் வாய் திறக்கிறார். அந்தக் கை உங்களுடையதாக இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான், கடிதத்தில் பானைகளின் சத்தம் இவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

பாதம் கழுவியதைக் குறிப்பிட்டீர்கள். இறுதி இராவுணவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் மற்ற மூன்று நற்செய்திகளும் சொல்ல, யோவான் தம் 13ஆம் அதிகாரத்தில் தண்ணீரையும் துண்டையும் காட்டுகிறார். அங்கே தடுமாறியவர் சீடர் பேதுரு. தம் பாதங்களைக் கழுவ விடவே மாட்டேன் என்றார். இத்தனை காலம் துண்டு உங்கள் கையில் இருந்தது. இப்போது பேதுருவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன் துண்டோடு நிற்பவர், நீங்கள் சம்பளம் கொடுக்கும் பணிப்பெண். அவரிடம் போய், "அத்தைக்கு எப்படி ஊட்டுகிறாய், எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்பது, ஐந்து மணிக்கு எழுந்து சட்டினி அரைப்பதைவிடக் கடினம். சில நாள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்: கரண்டியில் எவ்வளவு எடுக்கிறார், எத்தனை நேரம் காத்திருக்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்.

பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வு நாள் மாதத்துக்கு ஒன்றாவது அவருக்கு உண்டு. 2023 முதல் அதுவே சட்டம். அந்த நாளில் அத்தைக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இனி அந்த நாள் உங்களுடையதாகட்டும். அது ஞாயிறாக இருந்தால் சனி மாலைத் திருப்பலிக்குப் போய்வரலாம்.

இன்னொன்று. எழுந்து வர இயலாதவர்களுக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவது திருச்சபையின் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியாததா? அத்தைக்காக நீங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மிகச் சிறு துண்டே போதும். அன்று அந்தக் கட்டிலருகில் நீங்களும் நற்கருணை வாங்கலாம். அதற்கு எழுந்து போகத் தேவையில்லை.

கஞ்சி என்னவாயிற்று என்று அடுத்த மாதம் எழுதுங்கள்.