தெளிவான தண்ணீரை நம்பலாமா? ஆறு, ஏரி பற்றிய கேள்வி-பதில்

கோடை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும்: மீன் செத்துக் கிடக்கிறது, யார் காரணம்? இந்த முறையும் அப்படித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ஏரியில் எப்போது மீன் செத்தாலும் விடியற்காலையில்தான் மிதக்கிறது. ராத்திரியில் யாரோ கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. உண்மையா சார்?

திறந்துவிடுகிற ஆட்களே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விடியற்காலைச் சாவு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான். தண்ணீர் பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் பாசி கொழுத்திருக்கிறது. வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனை வெளியே விடும், இருட்டியதும் அதுவும் மீனைப் போலவே இழுத்துக்கொள்ளும், அடிச்சேற்றில் சாக்கடைக் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாவும் கூடவே இழுக்கும், இப்படி இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தைத் தொடும். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அது 2-க்குக் கீழே போனால் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அதற்கும் கீழே போனால் சாகும்.

செத்தவை எவை என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. பெரிய பெரிய கெண்டைகள் செத்து, விராலும் குரவையும் தேளியும் பிழைத்திருந்தால் ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும். அந்த மூன்றும் மேலே வந்து காற்றை நேராகவே சுவாசிக்கக்கூடியவை. அப்படி இல்லாமல் குஞ்சு மீன், நண்டு, இறால் என்று வித்தியாசமில்லாமல், அதுவும் நட்டநடுப்பகலில் செத்தால் விஷம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இன்னொரு ஆளும் உண்டு, அம்மோனியா. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் அளவு 7-ல் இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 9-ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விஷமாகிவிடும். பாசி கொழுத்த ஏரியில் பிற்பகலில் பிஹெச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, ராத்திரி வந்தவனைத் தேடுவதோடு, வருடம் முழுக்க ஏரிக்குள் வந்து விழும் சாக்கடையையும் உரத்தையும் கணக்கில் எடுங்கள்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யலில் இப்போது முன்பு மாதிரி சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடுவதில்லை. நிறம் போய்விட்டதால் ஆறு பிழைத்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. நொய்யல் விஷயத்தில் நிறம்தான் எல்லார் கண்ணிலும் பட்டது, ஆனால் பெரிய சேதம் செய்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ கொட்ட வேண்டும், அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போகும். சாயமாவது துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது, போட்டதெல்லாம் கழிவோடு வெளியே வரும். 1990-களின் கடைசியில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தன, அதனால் கரைந்த உப்பு குறையவில்லை, சில நேரம் கூடவே செய்தது. ஆற்றில் விடும் கழிவில் கரைந்த உப்புக்கு வகுத்த வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அந்த முறையில் அதை எட்டவே வழியில்லை.

இதற்கு நடுவில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டியது, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறி, கடைசியில் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசனத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயி கேட்பதைவிட ஒரு ஆற்றின் நிலைமைக்கு வேறு என்ன சான்று வேண்டும்? சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை ஆர்ஓ சவ்வில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரை எவாபரேட்டர் என்ற ஆவியாக்கும் கருவியில் காய்ச்சி, சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குத் தொழில் கட்டாயமாக மாறியது. செலவு அதிகம், மின்சாரமும் விறகும் தின்கிற முறை, ஆனாலும் அதுதான் சரி என்பது என் கருத்து.

நன்னீர் மீனின் உடம்பில் இருக்கும் உப்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட அதிகம். தண்ணீர் தானாக உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், மீன் அதை வெளியேற்றிக்கொண்டே, உப்பை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு வாழும். வெளியே உப்பு ஏறினால் இந்தக் கணக்கு தடுமாறும். முதலில் காணாமல்போவது மீன்கூட இல்லை, மீன் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளும் சில நத்தை வகைகளும்தான். ஜிலேபி மீனோ உவர்நீரையே தாங்கும், அதனால் ஆற்றில் ஜிலேபி துள்ளுவதைப் பார்த்து ஆறு திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், சல்பேட் சேறோடு படிந்த இடத்தில் ஆக்சிஜனும் இல்லையென்றால் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும், அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதற்கு அது ஒரு காரணம். இத்தனைக்கும் மேல் கோவையிலிருந்து வரும் சாக்கடை வேறு இருக்கிறது, அதற்கும் சாயத்துக்கும் சம்பந்தமில்லை.

யூரியாவும் டிஏபியும் வயலில்தானே போடுகிறோம், குளம் கெடுவதற்கு விவசாயியை ஏன் குறை சொல்கிறீர்கள்?

குறை சொல்லவில்லை, உங்கள் காசு எங்கே போகிறது என்று சொல்கிறேன். நெல் வயலில் போடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு. மற்றதில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும், கொஞ்சம் வடிகாலில் போகும். கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதல்ல என்பது இந்தியத் தர அளவு, கைக்குழந்தைக்கு அது உண்மையாகவே ஆபத்து.

ஆனால் குளத்தைப் பச்சையாக்குவதில் டிஏபியில் இருக்கும் மணிச்சத்துக்குத்தான் (பாஸ்பரஸ்) பெரிய பங்கு. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும், மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்தார்கள். மணிச்சத்து போட்ட பக்கம் மட்டும் பச்சைப்பசேல் என்று பாசி பூத்தது, வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. மணிச்சத்து தண்ணீரோடு ஓடுவதைவிட மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஓடும், அதனால் வரப்பு உடைந்து சேறு போகிற வயலில் டிஏபியும் சேர்ந்தே போகிறது. இன்னொரு சங்கடம், வந்து சேர்ந்தது அடிச்சேற்றில் படிந்திருக்கும், ஆக்சிஜன் குறையும்போது மறுபடி கரைந்து மேலே வரும். நீங்கள் இன்றைக்கு நிறுத்தினாலும் குளம் சில வருடம் பழைய கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்.

செய்யக்கூடியது எளிது: மேலுரம் போட்டதும் சில நாள் வடிகால் மடையை அடைத்து வையுங்கள், மழை மூட்டத்தில் யூரியா வீசாதீர்கள், பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்து யூரியா அளவைக் குறையுங்கள்.

ஆகாயத்தாமரை கழிவை உறிஞ்சித் தண்ணீரைச் சுத்தம் செய்யுமாமே, அதை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

உறிஞ்சும், உண்மைதான். சத்தையும் சில உலோகங்களையும் நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதை அறுத்துக் கரையேற்றினால்தான் அந்தக் கணக்கு சரி, அங்கேயே விட்டால் செத்து அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும், அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

பூச்சிமருந்துத் தெளிப்பானைக் குட்டையில்தான் கழுவுகிறேன். ஒரு மீன்கூட செத்ததில்லை. சைபர்மெத்ரின் மனிதனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று கடைக்காரரும் சொன்னார்.

மனிதனை வைத்து அளந்ததை மீனுக்குப் பொருத்தக்கூடாது. சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்றவற்றை நம் ஈரல் வேகமாக உடைத்துவிடும், மீனால் அப்படி முடியாது. இறால், நண்டு, நீர்ப்பூச்சிகளுக்கு இன்னும் மோசம். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவே பல உயிர்களுக்குப் போதும். அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு கிராம் மருந்து. உங்கள் குட்டை அதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம்.

மீன் சாகாததற்குக் காரணம், இந்த மருந்து சீக்கிரம் சேற்றில் ஒட்டிக்கொள்வது. சேற்றில் யார் இருக்கிறார்கள்? தட்டான் குஞ்சுகள் இருக்கின்றன, கொசுப்புழுவைத் தின்பவை. அவை போனால் குட்டை வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும், கொசு மட்டும் கூடும். கழுவிய தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஏன் அவ்வளவு நுரை?

பெங்களூரின் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து அங்கே வருகிறது. அதில் இருக்கும் சோப்புப் பொருள்கள் மதகு வழியே விழும்போது அடிபட்டு நுரைக்கின்றன. நுரை வெறும் அறிகுறிதான். நுரை இல்லாத நாளிலும் அதே தண்ணீர்தான்.

தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரி மீனைச் சாப்பிடலாமா?

நான் சாப்பிடமாட்டேன். தோல் பதனிடும்போது போடும் குரோமியத்தில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறுகிறது, மற்றது கழிவில். குரோமியத்தில் இரண்டு வகை உண்டு; இது பெரும்பாலும் விஷம் குறைந்த மூவிணைதிறன் வகை, சேற்றில் படிந்துவிடும், பாதரசத்தைப் போல மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று பெருகிக்கொண்டே போகாது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலில் இருப்பது அறுவிணைதிறன் வகை. அது நீரில் கரையும், நிலத்தடியில் பரவும், புற்றுநோய் வரவழைக்கும். பாலாற்றுப் பகுதிக்கு இரண்டு வகையும் தெரியும். மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னதும் இந்தத் தோல் வழக்கில்தான்.

வீட்டில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) மீட்டர் வைத்திருக்கிறேன். அது போதுமா?

உப்பைக் காட்டும், அவ்வளவுதான். பூச்சிமருந்து, குரோமியம், பாதரசம் எதையும் தனியாகக் காட்டாது, 300 என்று காட்டும் தண்ணீரிலும் மருந்து இருக்கலாம். மீன் சாகும் நாளில் உங்களால் ஆகக்கூடிய உதவி வேறு: சுத்தமான இரண்டு பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து ஐஸில் வையுங்கள். பூச்சிமருந்து சந்தேகம் என்றால் ஒன்று கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும். அழுகிய மீன் வேண்டாம், துடித்துக்கொண்டிருக்கும் மீன் இரண்டை ஐஸில் போடுங்கள். நேரத்தை எழுதிவைத்து, அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் தெரிவியுங்கள். மறுநாள் போனால் தண்ணீரே மாறியிருக்கும்.