உத்தரிக்கிற ஸ்தலம், பாவசங்கீர்த்தனம், நல்மரணம்: கேள்வி பதில்

கல்லறைத் திருநாள் நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இறந்தவர்களைப் பற்றியே இருக்கும். பல வருடங்களாகப் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வருகிறேன். கேட்டவர்களின் பெயரைச் சொல்லாமல் பதில்களை இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, பங்குச் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவமும் மன்னிக்கப்படுகிறது என்கிறோம். அப்புறம், இறந்தபின் ஆத்துமா தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலம் எதற்கு? மன்னித்த கடவுள் மறுபடியும் தண்டிப்பாரா?

மன்னிப்பு முழுமையானதுதான், தம்பி. அதில் கடவுள் பாக்கி வைப்பதில்லை. ஆனால் பாவம் கடவுளோடு உள்ள உறவை முறிப்பதோடு நின்றுவிடாது, நம்மையும் கோணலாக்கிவிட்டுப் போகிறது. முறிந்த உறவைப் பாவமன்னிப்பு அந்தக் கணத்திலேயே சேர்த்துவைக்கிறது. நரகத் தண்டனை நீங்குகிறது. கோணல் உடனே நிமிர்வதில்லை.

பத்து வருடம் குடித்தவர் ஒருநாள் உருகி அழுது பாவசங்கீர்த்தனம் செய்கிறார். எழுந்து வெளியே வரும்போது அவர் கடவுளின் பிள்ளை, சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடையைக் கண்டதும் கால் தயங்குகிறதே, அது என்ன? உள்ளே இன்னும் அறுபடாமல் கிடக்கும் பற்று. அதை அறுப்பது வலிக்கும். திருச்சபை ‘காலத்துக்குரிய தண்டனை’ என்று சொல்வது இதைத்தான். கடவுள் வெளியே நின்று பழிவாங்குவதாக அதை எண்ணக்கூடாது, பாவத்தின் இயல்பிலிருந்தே அது வருகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1472-ஆம் எண்ணில் சொல்கிறது.

செபம், ஒறுத்தல், தர்மம், முணுமுணுக்காமல் தாங்கும் துன்பம், இவற்றால் இங்கேயே நிமிரலாம். மீந்தது சாவுக்குப் பின் நிமிரும். அங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் மோட்சம் உறுதி. மனந்திரும்பாமல் இறந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு தரும் இடமாக அதை நினைத்துவிடாதீர்கள்.

பெரிய பாவம் ஒன்றைச் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மரியே செபம் மட்டும் சொல்லச் சொன்னார். போதுமா?

அந்த அபராதத்தைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். அதன் வலிமை செபத்தின் நீளத்தில் இல்லை, கிறிஸ்துவின் பாடுகளில் இருக்கிறது. ஆனால் அடுத்தவருக்குச் செய்த கேட்டை ஈடுசெய்வது தனிக் கடன். வேலைக்கு வந்த பெண்மீது பொய்யாகத் திருட்டுப் பழி சுமத்தியவர் பீடத்தின் முன் முழங்காலில் நின்றால் மட்டும் தீராது. அந்தப் பழியைக் கேட்டவர்களிடம் போய், அது பொய் என்று சொல்ல வேண்டும். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றாரே, அந்த மனம் வேண்டும்.

கூட வேலை செய்யும் பெந்தெகொஸ்தே சபை நண்பர், உத்தரிக்கிற ஸ்தலம் பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.

அந்தச் சொல் இல்லை. திரித்துவம் என்ற சொல்லும்தான் இல்லை. 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில், போரில் மாண்ட வீரர்களின் ஆடைக்குள் சிலைவழிபாட்டுத் தாயத்துகள் கிடைக்கின்றன. அவர்களின் தலைவர் யூதா மக்கபே 2000 வெள்ளித் திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். நண்பரின் பைபிளில் அந்த நூல் இருக்காது. அதனால் 1 கொரிந்தியர் 3:15-ஐச் சேர்ந்து வாசியுங்கள்: நெருப்பின் வழியே தப்பிப் பிழைப்பவரைப் பற்றிப் பவுல் பேசுகிறார். 387-இல் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கம்மாள் சாகக் கிடந்தபோது, தன்னை எங்கே புதைத்தாலும் சரி, பீடத்தில் நினைத்துக்கொண்டால் போதும் என்றுதான் மகன் அகுஸ்தீனிடம் கேட்டார். விவாதத்தில் ஜெயிக்க வேண்டாம். நாம் ஏன் இறந்தவர்களுக்காகச் செபிக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தால் போதும்.

என் மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனுக்காகப் பூசை வைக்கலாமா? சொந்தக்காரர்கள் கூடாது என்கிறார்கள்.

வையுங்கள் அம்மா. தாராளமாக வையுங்கள். முன்பிருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. உங்கள் சொந்தக்காரர்கள் அந்த நினைவில் பேசுகிறார்கள். 1983-இல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழியில் மனந்திரும்ப வாய்ப்புத் தரமுடியும் என்றும் மறைக்கல்வி நூல் சொல்கிறது.

திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை. இன்று நீங்கள் சொல்லும் செபம் தாமதமாகிவிட்டதே என்று கலங்காதீர்கள். கடவுளுக்கு முன்னது, பின்னது கிடையாது. நீங்கள் அழுதுகொண்டே சொல்லப்போகும் செபமாலையையும் அவர் அன்றே அறிந்திருந்தார். இதை எழுதும்போது உங்கள் மகனுக்காக நானும் கடவுளிடம் நித்திய இளைப்பாற்றி கேட்கிறேன்.

பாட்டியின் செபப் புத்தகத்தில் ‘300 நாள் பலன்’ என்று போட்டிருக்கிறது. 300 நாள் குறையுமா?

பலன் என்றால், மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீந்திருக்கும் காலத்துக்குரிய தண்டனையைத் திருச்சபை நீக்குவது. அந்த 300 உத்தரிக்கிற ஸ்தலத்தின் நாள்கணக்கு இல்லை. ஆதித் திருச்சபையில் பாவிகள் வெளிப்படையாகச் செய்த தவத்தின் நாட்களை அளவாக வைத்துச் சொன்னது. குழப்பம் வந்ததால் பாப்பரசர் 6-ஆம் பவுல் 1967-இல் அந்தக் கணக்கை நீக்கிவிட்டார். இப்போது அந்தத் தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரண பலன், ஓரளவு நீக்கும் பகுதிப் பலன் என்ற இரண்டுதான். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தால், ஒரு நாளுக்கு ஒன்றாக, அவர்களுக்கென்று பரிபூரண பலன் உண்டு. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காகச் செபம், இவற்றோடு அற்பப் பாவத்தின்மீதுகூடப் பற்று இல்லாத மனமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். பூ, மெழுகுதிரி வாங்கி, கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு நெருப்பில் வேகும் ஆத்துமாக்களின் படத்தைக் காட்டலாமா?

வேண்டாம். உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்குள்ளவர்களுக்கு நம் செபம் உதவும், இவ்வளவைத்தான் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் வரையறுத்தது. பாமர மக்களுக்கான பிரசங்கத்தில் பக்தியை வளர்க்காத நுணுக்கங்கள் கூடாது என்றும் சொன்னது. பாப்பரசர் 16-ஆம் பெனடிக்ட், சுட்டெரித்து மீட்கும் அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று சில இறையியலாளர்கள் கருதுவதை எடுத்துச் சொல்லி, அவருடைய பார்வையில் நம் பொய்யெல்லாம் உருகும் என்று விளக்கினார். பிள்ளைகளுக்கு இது புரியும். தப்பு செய்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்த அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது.

அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். சாமியாரை அழைத்தால் ‘முடிந்துவிட்டது’ என்று பயந்துவிடுவாரோ என்று வீட்டில் தயங்குகிறோம்.

இன்றே அழையுங்கள். நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனத்துக்கு இருந்த ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயர்தான் இந்தப் பயத்தை உண்டாக்கியது. அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி, நோயில்பூசுதல் என்ற பெயரையே பொருத்தமானதாகக் கருதியது. நினைவு இருக்கும்போது வந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நன்மை (நற்கருணை) வாங்கலாம். கடைசி நேரத்தில் வாங்கும் நன்மைக்கு ‘வழியுணவு’ என்று பெயர்.

என் அம்மா விஷயத்தில் நாங்களும் இதே தயக்கத்தில் மூன்று நாள் கடத்தினோம். சாமியார் வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது. எண்ணெய் பூசினார். பேசமுடியாதவருக்கு அந்த அருட்சாதனம் பாவமன்னிப்பும் தரும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நன்மையை விழுங்க அம்மாவால் முடியவில்லை. தினமும் காலைப் பூசைக்குப் போய் நன்மை வாங்கியவர். பெரிதாக எதுவும் விளக்காமல், “சாமியார் உங்களைப் பார்க்க வருகிறார்ப்பா” என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவே அதற்காகக் காத்திருக்கலாம்.